வரகூர் என்றொரு தொகுதி இருந்தது

2009 மே மாதம். நாடாளுமன்றத் தேர்தல். வேப்பூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்தில் பள்ளிக்கூடத் திண்ணையில் பெரியப்பா பூத் சிலிப்பைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கும் மேல் விடாமல் ஓட்டுப் போட்டவர். "ஏன்டா தம்பி, சிதம்பரம்னு போட்டிருக்கு? சிலிப்பு மாத்திக் குடுத்துட்டானுங்களா?" என்றார்.

மாற்றிக் கொடுக்கவில்லை. அந்த வருஷம் முதல் நாங்கள் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதி. பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிறோம், கலெக்டர் ஆபீஸ் பெரம்பலூரில், ஆஸ்பத்திரி பெரம்பலூரில், சந்தையும் அங்கேதான். எம்.பி. மட்டும் சிதம்பரம். சிலிப்பில் இன்னொரு புதுப்பெயரும் இருந்தது: குன்னம் சட்டமன்றத் தொகுதி. "அப்ப வரகூரு?" என்று கேட்டார். வரகூர் தொகுதி போய்விட்டது என்றேன். "போயிடுச்சுன்னா? எங்க போச்சு?"

அதற்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. அதில் வேடிக்கை என்னவென்றால், 2006இல் நாங்கள் தேர்ந்தெடுத்த வரகூர் எம்.எல்.ஏ. அப்போதும் பதவியில்தான் இருந்தார். அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரும்வரை, அதாவது 2011வரை, பழைய எல்லைக்கு ஒரு எம்.எல்.ஏ., புதிய எல்லைக்கு ஒரு எம்.பி. என்று இரண்டு வரைபடங்களுக்குள் ஒரே நேரத்தில் குடியிருந்தோம். பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் தேடிப்போனதில் வந்து சேர்ந்த கதை இது.

ஐந்து நான்கான கதை

2008வரை இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டப் பகுதிகளில் ஐந்து சட்டமன்றத் தொகுதிகள் இருந்தன. பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம். மறுவரையறைக்குப் பின் நான்கு: 147 பெரம்பலூர், 148 குன்னம், 149 அரியலூர், 150 ஜெயங்கொண்டம். வரகூரும் ஆண்டிமடமும் மறைந்தன, குன்னம் பிறந்தது. கூட்டிக் கழித்தால் ஒரு எம்.எல்.ஏ. குறைவு.

பக்கத்தில் இன்னொரு பெயரும் அழிந்தது. பச்சைமலையின் பழங்குடி மக்களை ஒட்டிப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்த உப்பிலியாபுரம் தொகுதி. அதோடு தமிழகத்தில் பழங்குடித் தனித்தொகுதிகள் மூன்றிலிருந்து இரண்டாகின. ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டும் மிஞ்சின. உப்பிலியாபுரம் இருந்த பகுதியில் துறையூர், பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது. பச்சைமலைமேல் இருப்பவர்களுக்கு அவர்களுக்கென்று இருந்த ஒரே நாற்காலி போயிற்று.

ஒரு தொகுதி குறைந்ததற்காக ஊரில் யாரும் பஸ்ஸை மறித்ததாக எனக்கு நினைவில்லை. ரேஷன் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினால்கூடச் சண்டைக்கு வருகிறவர்கள் நாங்கள். ஆனால் தொகுதி எல்லை அரசிதழில் வருகிற மொழியைப் பார்த்தவர்களுக்கு இந்த மௌனம் புரியும். வட்டத்தின் பெயர், அதன்கீழ் கிராமங்களின் பெயர், காற்புள்ளி, அடுத்த கிராமம், காற்புள்ளி. இதில் என்ன பறிபோகிறது என்று கண்டுபிடிக்கப் பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு யாருக்கு நேரம்?

கோடுகள் எப்போதும் நகர்ந்தபடிதான்

எல்லைகள் என்றுமே நிலையாக நின்றதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1952இலும் 1957இலும் இந்தியாவில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன. ஒரே தொகுதியில் இரண்டு பேர் ஜெயிப்பார்கள், ஒரு இடம் பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ ஒதுக்கப்பட்டிருக்கும். 1957இல் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் நின்ற வி.வி. கிரி தோற்றார். ஒதுக்கீட்டு இடம் போக மிச்சமிருந்த பொது இடத்தையும் ஒரு பழங்குடி வேட்பாளரே வாக்கில் முந்தி எடுத்துவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், வாக்கு அதிகம் வாங்கியவருக்கே இடம் என்று தீர்ப்பானது. அதற்கு அடுத்த சில ஆண்டுகளில், 1961இல், இரட்டைத் தொகுதிகளையே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். முழுத் தொகுதியையே ஒதுக்கும் 'தனித்தொகுதி' முறை மட்டும் நிலைத்தது.

பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியும் பல முகம் காட்டியிருக்கிறது. 1952இல் காங்கிரஸ் அலைக்கு நடுவே இங்கே ஜெயித்தது ராமசாமி படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. 1962இல் திமுகவின் இரா. செழியன் இங்கிருந்து டெல்லி போனார், அப்போது இது பொதுத்தொகுதி. பிற்பாடு தனித்தொகுதியாகி 2004 தேர்தல்வரை அப்படியே இருந்தது. இதே மாவட்டத்து வேலூர் கிராமத்தைச் சேர்ந்த ஆ. ராசா 1996, 1999, 2004 என மூன்று முறை இங்கே வென்றார்.

1967 தேர்தலில் தமிழகத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39 ஆகக் குறைந்தன. அதே வேளையில் சட்டமன்ற இடங்கள் 206இலிருந்து 234 ஆக உயர்ந்தன. 1976இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை உறைய வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே போன மாநிலங்கள் அதனாலேயே இடம் இழக்கக் கூடாது என்பது காரணம். 84ஆவது திருத்தம் அந்த உறைவை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புவரை நீட்டித்தது. மாநிலத்தின் மொத்த எண்ணிக்கை மாறாது, ஆனால் மாநிலத்துக்குள் எல்லைகளைச் சரிசெய்யலாம் என்று அது ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அந்த வேலைக்கு முதலில் 1991 கணக்கெடுப்பு என்றார்கள். 2003இல் 87ஆவது திருத்தம் 2001 கணக்கெடுப்பு என்று மாற்றியது. எங்கள் வரகூர் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியேறியது.

கோடு போடும் நீதிபதி

2002 மறுவரையறைச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையத்தின் தலைவர் உச்ச நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி குல்தீப் சிங். கூடவே தேர்தல் ஆணையத்திலிருந்து ஒருவர், அந்தந்த மாநிலத் தேர்தல் ஆணையர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. என்று பத்து இணை உறுப்பினர்கள் உண்டு. அவர்கள் பேசலாம், ஆனால் வாக்களிக்கவோ முடிவில் கையெழுத்திடவோ உரிமை கிடையாது. வரைவு வெளியாகும், பொது அமர்வில் ஆட்சேபம் கேட்பார்கள், இறுதி ஆணை வரும். 2008 பிப்ரவரி 19இல் குடியரசுத் தலைவரின் அறிவிப்போடு அது நடைமுறைக்கு வந்தது.

அரசியல்வாதி கையில் அளவுகோலைக் கொடுத்தால் தனக்கு வேண்டிய மாதிரி வளைப்பான், அதனால் நீதிபதி கையில் கொடுப்போம் என்பது நம் ஏற்பாடு. இதன் அருமை அமெரிக்காவைப் பார்த்தால் தெரியும். அங்கே பல மாநிலங்களில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாநிலங்களில் அதற்கென்று தனியாகத் தொகுதிகளும் உண்டு, அவற்றின் எல்லையை வரைவது மாநிலச் சட்டமன்றம். நம் ஊரில் நீதிபதி அரசியல்வாதிக்குக் கோடு போடுகிறார் என்றால், அங்கே அரசியல்வாதி நீதிபதிக்குக் கோடு போடுகிறார்.

மிசிசிப்பியில் ஒன்பது நீதிபதிகள், மூன்று தொகுதிகள், தொகுதிக்கு மூன்று பேர். 1987இல் போட்ட எல்லை. அந்த மாநிலத்தில் கறுப்பின மக்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆனால் அந்த நீதிமன்றத்தில் இதுவரை அமர்ந்த கறுப்பின நீதிபதிகள் நான்கே பேர், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மேல் இருந்ததில்லை. அந்த எல்லைகள் கறுப்பின மக்களின் வாக்கு வலுவைக் குறைக்கின்றன என்று 2025 ஆகஸ்டில் மத்திய நீதிபதி ஷேரியன் அய்காக் தீர்ப்பளித்தார். லூசியானாவில் இதே மாதிரி வழக்கு முன்பே நடந்திருக்கிறது. நீதிபதி மக்கள் பிரதிநிதி இல்லையே, வாக்குரிமைச் சட்டம் அவருக்கு எப்படிப் பொருந்தும் என்ற வாதத்தை 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் எல்லை நியாயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே வளைந்த கோட்டை எதிர்த்து ஒரு சாதாரண வாக்காளர் கோர்ட்டுக்குப் போக முடிகிறது. நம் அரசியல் சட்டத்தின் 329ஆவது பிரிவு, தொகுதி எல்லைச் சட்டங்களை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. உஜ்ஜைன் பொதுத்தொகுதியைத் தனித்தொகுதியாக்கியதை எதிர்த்து மேக்ராஜ் கோத்தாரி என்பவர் போட்ட வழக்கில், ஆணையத்தின் ஆணை சட்டத்துக்குச் சமம், தொட முடியாது என்று 1966இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குஜராத்தின் பர்தோலி தொகுதி தொடர்பான வழக்கில் 2024இல்தான், அப்பட்டமாகத் தன்னிச்சையாக அரசியல் சட்ட விழுமியங்களுக்கு எதிராக ஆணை இருந்தால் நீதிமன்றம் பார்க்கலாம் என்று கதவு கொஞ்சம் ஒருக்களித்தது. வரகூர் காணாமல்போய் அதற்குள் பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

ஒரு தேதி செய்த வேலை

இனி பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நீதிபதி யாருக்கும் வேண்டியவர் இல்லை, மனதில் கள்ளம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் எப்படி ஒரு தொகுதி போயிற்று?

1995இல் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 தொடக்கத்தில் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. ஆட்சி மாறிற்று. 2002இல் அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மறுபடி ஆட்சி மாறிற்று. 2007 நவம்பரில் மீண்டும் அரியலூர் தனி மாவட்டம். அந்த நாட்களில் அரியலூரில், "கலெக்டர் ஆபீஸ் போர்டை ஆணி அடிச்சு மாட்டாதீங்கப்பா, கயிறு கட்டித் தொங்க விடுங்க" என்று கேலி பேசுவார்கள்.

மறுவரையறை ஆணையம் வேலை செய்ய ஒரு நிலையான படம் வேண்டும். நடுவில் மாவட்டம், வட்டம் என்று பிரித்துக்கொண்டே இருந்தால் கணக்குப் போட முடியாது. எனவே 2004 பிப்ரவரி 15 அன்று இருந்த நிர்வாக எல்லைகளையே அடிப்படையாகக் கொண்டார்கள். அந்தத் தேதியில் அரியலூர் மாவட்டம் இல்லை. அது சேர்த்துவைக்கப்பட்டிருந்த ஐந்தே முக்கால் வருஷத்துக்குள் அந்த நாள் விழுந்தது.

இப்போது ஒரு கைக்கணக்கு. 2001 கணக்கெடுப்பில் தமிழக மக்கள்தொகை 6,24,05,679. 234ஆல் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி சுமார் 2,66,700 பேர். அந்தக் கணக்கெடுப்பு நடந்த 2001 மார்ச்சில் இரண்டும் தனித்தனி மாவட்டங்கள், தனித்தனி எண்ணிக்கை: அரியலூர் 6,95,524. பெரம்பலூர் 4,93,646. சராசரியால் வகுத்தால் அரியலூருக்கு 2.6, முழுதாக்கினால் மூன்று தொகுதி. பெரம்பலூருக்கு 1.85, முழுதாக்கினால் இரண்டு. மொத்தம் ஐந்து.

ஒரே மாவட்டமாகச் சேர்த்து வகுங்கள். 11,89,170 பேர். விடை 4.46. முழுதாக்கினால் நான்கு.

அதே மக்கள், அதே ஊர்கள், அதே கணக்கெடுப்பு. நடுவே ஒரு கோடு இருந்தால் ஐந்து, இல்லாவிட்டால் நான்கு. பள்ளிக்கூடத்தில் தசமத்தை முழுதாக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

நான்கு என்பது அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. நான்காகப் பிரித்தால் தொகுதிக்குச் சுமார் 2,97,000 பேர், சராசரியைவிட 11 சதவீதம் அதிகம். ஐந்தாகப் பிரித்தால் சுமார் 2,38,000 பேர், சராசரியைவிட 11 சதவீதம் குறைவு. இரண்டு பக்கமும் தராசு ஏறக்குறைய ஒரே அளவு சாய்கிறது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை எங்கள் தேவையோ நியாயமோ தீர்மானிக்கவில்லை. ஒரு மாவட்டத்தைச் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்த அரசியலின் நடுவே வந்து விழுந்த ஒரு தேதி தீர்மானித்தது. அரியலூரைச் சேர்த்தவர்களும் சரி, பிரித்தவர்களும் சரி, அந்த நேரத்தில் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகமே.

இன்னொரு விளைவும் இருக்கிறது. ஒரே மாவட்டம் என்று எண்ணி வரைந்ததால் குன்னம் தொகுதி இரண்டு பக்கமும் கால் வைத்து நின்றது. குன்னம் வட்டாரம் பெரம்பலூர் மாவட்டத்தில், செந்துறைப் பகுதி அரியலூர் மாவட்டத்தில். எம்.எல்.ஏ. ஒருவர், கலெக்டர்கள் இரண்டு பேர்.

கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

தலைவர்கள் சமாளித்துக்கொண்டார்கள். ஆண்டிமடத்தில் 2001இல் வென்ற பாமகவின் காடுவெட்டி ஜெ. குரு 2011இல் ஜெயங்கொண்டத்தில் வென்றார். 2006இல் ஆண்டிமடத்தில் வென்ற திமுகவின் எஸ்.எஸ். சிவசங்கர் 2011இல் குன்னத்தின் முதல் எம்.எல்.ஏ. ஆனார். ஒரு தொகுதி மறைந்தால் அதன் தலைவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய் நின்று ஜெயித்துவிட முடியும். ஆ. ராசா இன்னும் தூரம் போனார். பெரம்பலூர் பொதுத்தொகுதியானதும், புதிதாகத் தனித்தொகுதியான நீலகிரிக்குப் போய் 2009இல் வென்றார். இங்கே நடிகர் நெப்போலியன் வென்று மத்திய இணை அமைச்சரானார்.

ஜனங்கள் அப்படி இடம்பெயர முடியாது. இன்றைய பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதியின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளைப் பாருங்கள்: பெரம்பலூர், லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர், குளித்தலை. நான்கு திருச்சி மாவட்டம், ஒன்று கரூர் மாவட்டம். பெயர் கொடுத்த மாவட்டத்தின் பங்கு ஆறில் ஒன்றுதான். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரி மண்ணும், காவிரிக்கரை வாழைத் தோட்டமும் ஒரே எம்.பி.யிடம் மனு கொடுக்கின்றன.

அதுவரை பெரம்பலூரோடு இருந்த அரியலூர், இப்போது ஜெயங்கொண்டம், குன்னத்தோடு சேர்ந்து சிதம்பரம் தொகுதியில். அந்தப் பக்கம் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில். இங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் முந்திரிக்காடும், அங்கே டெல்டாவின் கடைமடையும் கடலோரமும். கங்கை வரை படை நடத்திய ராசேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம்கூட இன்று சிதம்பரத்து எம்.பி.க்குத்தான் ஓட்டுப் போடுகிறது.

தனித்தொகுதிக் கணக்கும் இதில் குறுக்கும் நெடுக்குமாகப் போகிறது. பெரம்பலூர் நகரத்து வாக்காளருக்குச் சட்டமன்றம் தனித்தொகுதி, நாடாளுமன்றம் பொது. அதே மாவட்டத்தில் அரைமணி நேரப் பயணத்தில் இருக்கும் குன்னத்து வாக்காளருக்குச் சட்டமன்றம் பொது, நாடாளுமன்றம் தனி. பெரம்பலூர் மாவட்டத்தில் பத்தில் மூன்று பேர் பட்டியல் சாதியினர். அந்தப் பெயரில் இருந்த மக்களவைத் தனித்தொகுதி போய்விட்டது. மறுபக்கம், அதே மறுவரையறைக்குப் பின் 2009இல் சிதம்பரத்தில் தொல். திருமாவளவன் வென்றார். அவர் பிறந்த அங்கனூர் செந்துறை வட்டத்தில்தான் இருக்கிறது. 2019இல் அவர் மறுபடி ஜெயித்தது 3,219 வாக்கு வித்தியாசத்தில். இவ்வளவு நெருக்கமான போட்டியில் நாலைந்து கிராமங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது சின்ன விஷயமா?

அன்றாட நஷ்டத்துக்கு ஒரு உதாரணம் ரயில். பெரம்பலூர் மாவட்டத் தலைநகருக்கு ரயில் கிடையாது. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்கு ஒரு பாதை வேண்டும் என்பது எங்கள் பகுதியின் நெடுநாள் கோரிக்கை, தேர்தலுக்குத் தேர்தல் உயிர்த்தெழும் வாக்குறுதி. அந்தப் பாதை தொடங்கும் அரியலூருக்கு எம்.பி. சிதம்பரத்தில். நடுவில் இருக்கும் ஊர்களுக்குப் பெரம்பலூர் எம்.பி. முடியும் இடம் நாமக்கல் எம்.பி.க்கு. முன்பு அரியலூரும் பெரம்பலூரும் ஒரே வாயால் கேட்க முடிந்தது. இப்போது மூன்று பேர் சேர்ந்து கேட்க வேண்டும். ஒருவர் கேட்டபோதே வராத ரயில் அது என்பதும் உண்மைதான்.

அடுத்த கோடு

இதையெல்லாம் இப்போது தோண்டுவதற்குக் காரணம் உண்டு. 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று மத்திய அரசு 2025 ஜூனில் அறிவித்தது. 2026க்குப் பின்னான முதல் கணக்கெடுப்பு என்றால் அதுதான். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106ஆவது திருத்தத்தையும் மறுவரையறையோடுதான் கட்டிவைத்தார்கள். தமிழகம் எத்தனை மக்களவை இடம் இழக்கும் என்ற கவலையில் 2025 மார்ச் 5இல் அனைத்துக் கட்சிக் கூட்டமும், அதே மாதம் 22இல் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூட்டமும் நடந்தன. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அது டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவிலான கணக்கு. சென்னைக்கும் செந்துறைக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. மாநிலத்தின் இடங்கள் ஒன்றுகூடக் குறையாவிட்டாலும், மாநிலத்துக்குள் மக்கள் பெருகிய நகரங்களை நோக்கித் தொகுதிகள் நகரும். 2011 கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாவட்டம் பெரம்பலூர், 5,65,223 பேர். வேலை தேடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் கணக்கெடுப்பு நாளில் ஊரில் இருக்கப்போவதில்லை.

எனவே எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நிர்வாக எல்லைகளை எந்தத் தேதியில் நிறுத்துகிறார்கள் என்று கவனியுங்கள். வரைவுப் பட்டியல் வந்தால் காற்புள்ளிகளுக்கு நடுவே உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். ஆட்சேபத்துக்கென்று ஒரு நாள் கொடுப்பார்கள். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த தலைமுறைக்குத்தான் வாய்ப்பு.

பெரியப்பா 2011இல் குன்னத்துக்கும் ஓட்டுப் போட்டார். கடைசிவரை யார் கேட்டாலும் தன் தொகுதி வரகூர் என்றே சொன்னார். எங்கே போச்சு என்று அவர் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நாலு புள்ளி நாலு ஆறில், அந்தப் புள்ளிக்குப் பின்னால் போயிற்று பெரியப்பா. கேட்டுக்கொள்ளத்தான் அவர் இல்லை.